முடி பிடுங்கும் பழக்கம்: விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

டென்ஷன் ஏறினால் என் கை தானாக உச்சந்தலைக்குப் போய்விடுகிறது. தடிப்பான, சொரசொரப்பான முடியாகத் தேடிப் பிடுங்கி, வேரை விரலில் உருட்டினால்தான் அடங்கும். அது இல்லாவிட்டால் நகத்தோரத் தோல். "கையை எடு" என்று வீட்டில் அதட்டுகிறார்கள். பாதி நேரம் எனக்கே தெரியாமல் நடக்கிறதே!

இதற்கு டிரைக்கோட்டிலோமேனியா என்று பெயர். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) இதையும் தோல் பிய்ப்பதையும் ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) சார்ந்த பிரிவில் சேர்த்திருக்கிறது. கை எழும்போதே கவனித்து முஷ்டியை இறுக்கிக்கொள்ளும் பயிற்சியைச் செய்கிறேன். மற்ற நேரம் சரி, படிக்கும்போது மறந்துபோகிறது.

யாராவது உளவியலாளரிடம் முறையாக இந்தப் பயிற்சி எடுத்தீர்களா? விரலில் பிளாஸ்திரி சுற்றுவது உதவியதா? அப்புறம், சொட்டையான இடத்தில் முடி திரும்ப வளர்ந்ததா? "டென்ஷன் ஆகாதே" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.