கனடாவிலிருந்து வந்த கோப்பி மெசினும் எங்கள் கிணற்றுத் தண்ணியும்: என்ன செய்யலாம்?

கொக்குவில்காரி

எல்லாருக்கும் வணக்கம். மச்சாள் ரொறன்ரோவில் இருந்து வந்தபோது ஒரு டிரிப் கோப்பி மெசின் (சுடுதண்ணி சொட்டுச் சொட்டாகத் தூளில் விழுந்து வடிகிறது) கொண்டுவந்து தந்துவிட்டுப் போயிருக்கிறா. புதுசு, பெட்டியோடு. அடியில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 900 வாட் என்று அடித்திருக்கு, பிளக்கில் இரண்டு தட்டைப் பின். கடையில் கேட்டால் ஒரு சின்ன அடப்டரைக் காட்டி இதைப் போட்டால் சரி என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை வராததால் இன்னும் கரண்டில் குத்தவில்லை.

இரண்டாவது பிரச்சினை தண்ணி. எங்கள் கிணறு குடிக்க நல்ல கிணறுதான், ஆனால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை படையாகப் பிடித்து, கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழருது. கேத்திலுக்கே இந்தக் கதி என்றால் கை போகாத மெசினுக்குள் என்ன ஆகும்?

மூன்றாவது, வீட்டில் இரண்டு விதக் கோப்பி. அம்மா தன் தூளைத் தவிர வேறு தொடமாட்டா: கொட்டையைத் தாச்சியில் கறுக்க வறுத்து, மல்லியும் சுக்கும் கொஞ்சம் சீரகமும் சேர்த்து மில்லில் மாவாக அரைப்பித்து வைப்பா. இவருக்கு வெறும் கோப்பி, கடுமையாக, சீனி இல்லாமல் வேண்டும். ஒரே மெசினில் இரண்டும் சரிவருமா, இல்லை வேறு ஏதாவது வாங்கத்தான் வேண்டுமா? பெரிய எஸ்பிரெஸோ மெசின் வைக்கக் குசினியில் இடமும் இல்லை, அவ்வளவு செலவழிக்கிற எண்ணமும் இல்லை. ஒவ்வொன்றையும் எப்படிக் கழுவுவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

உரும்பிராய் வயர்மன்

தங்கச்சி, குத்தாமல் வைத்திருப்பது மிக நல்லது. அந்த அடப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இங்கே 230 வோல்ட். சூடாக்குகிற கம்பிக்கு வோல்டேஜ் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போனால் சூடு இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்குக்குக் கிட்டப் போகும். 900 வாட் மெசின் 3300 வாட் அளவுக்கு இழுக்கப் பார்க்கும், அது எங்கள் 13 அம்பியர் பிளக் தாங்குகிற அளவையே தாண்டிவிடும். உள்ளே இருக்கிற பியூஸ் உடனே போனால் அதிர்ஷ்டம். போகாவிட்டால் கம்பி எரியும், பிளாஸ்டிக் உருகும், அதற்குப் பிறகு திருத்த ஒன்றும் இருக்காது.

பாவிக்கத்தான் வேண்டும் என்றால் 230ஐ 110 ஆக்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் 1500 வாட்டுக்குக் குறையாமல். 1000 வாட் என்று எழுதினதை வாங்கி 900 வாட் மெசினை ஓட்டினால் அது தினமும் கொதித்துக்கொண்டே இருக்கும். பயணத்துக்கு என்று விற்கிற கையடக்கமான, பாரமில்லாத கன்வேர்ட்டர்கள் தலைமுடி உலர்த்தி மாதிரியான சாமான்களுக்குத்தான், உள்ளே எலெக்ட்ரோனிக் போர்ட் உள்ள மெசினுக்குப் போடவே கூடாது. நல்ல டிரான்ஸ்போமர் செங்கல் கட்டு மாதிரிப் பாரமாக இருக்கும், கொஞ்சம் உறுமும். தண்ணி தெறிக்கிற இடத்தில் வைக்க வேண்டாம். மெசினில் மணிக்கூடு இருந்து அது கரண்டின் ஹேர்ட்ஸை வைத்து ஓடுகிற வகை என்றால் மணிக்கு 10 நிமிசம் பிந்தும், இங்கே 50 ஹேர்ட்ஸ் என்பதால்.

என்னைக் கேட்டால், ஒரு கோப்பிக்காக இவ்வளவும் வேண்டாம். அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு இங்கே விற்கிறதில் ஒன்று வாங்குங்கள். லண்டன், பிரான்ஸ், சுவிஸ் பக்கமிருந்து யாராவது கொண்டுவந்தால் வோல்டேஜ் ஒத்துப்போகும், பிளக்கை மட்டும் பார்த்தால் போதும்.

நீர்வேலி ரீச்சர்

தண்ணியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எதை வாங்குவது என்பதையே அதுதான் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. நாங்கள் குடிக்கிறது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத்தண்ணி. மழைத்தண்ணி மண்ணுக்குள்ளால் இறங்கும்போது காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு போய்க் கல்லைக் கரைக்கிறது. நாங்கள் அதைச் சூடாக்கும்போது அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிப் படிகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கே முதலில் படியும், அதாவது சரியாகச் சூட்டுக் கம்பியின் மேலேயே. டிரிப் மெசினுக்குள் தண்ணி போகிற குழாய் விரல் தடிப்புக்கும் குறைவு, அதனால்தான் கேத்தில் தாங்குகிறதை மெசின் தாங்காது. கோப்பி இறங்க வழமையைவிட நேரம் எடுத்தாலோ, சத்தமும் ஆவியும் கூடினாலோ, ஊற்றின தண்ணியில் பாதி உள்ளேயே நின்றாலோ அடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் படையை எடுப்பது சுகம். சிற்றிக் அசிட் தூள் கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஒரு லீட்டர் தண்ணிக்கு மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி கரைத்து மெசினில் ஊற்றி, பாதி ஓடினதும் நிறுத்தி, அரை மணித்தியாலம் அப்படியே விட்டு, பிறகு மிச்சத்தையும் ஓட விடுங்கள். அதன்பின் வெறும் தண்ணியை இரண்டு மூன்று தரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோப்பி புளிக்கும். வினாகிரி என்றால் வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிபாதி. ஆனால் மணம் இலேசில் போகாது. தேசிக்காய்ப் புளி கேத்திலுக்குப் பரவாயில்லை, மெசினுக்கு வேண்டாம், சதையும் தும்பும் உள்ளே போய் நிற்கும். கேத்திலுக்குள் அசிட்டை ஊற்றினதும் நுரைத்துக்கொண்டு வெள்ளைப் படை கரைகிறதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரண்டியால் சுரண்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். சுரண்டின கீறலில் அடுத்த படை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

தினமும் கிணற்றுத் தண்ணி என்றால் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். அதைக் குறைக்க ஒரு வழி: இரவே தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, காலையில் மேல் தெளிவை மட்டும் எடுத்து மெசினுக்கு ஊற்றுவது. சுண்ணாம்பில் நல்ல பங்கு பானையிலேயே தங்கிவிடும். உப்புச்சுவை கொதிக்க வைத்தால் போகாது, அதனால் தீவுப் பக்கமும் கரையோரமும் சவர்க் கிணறு உள்ளவர்கள் ஆர்ஓ தண்ணியோ (மெசினால் உப்பை வடித்தெடுத்தது) மழைத்தண்ணியோதான் பாவிக்க வேண்டும். ஆர்ஓ தண்ணியில் மட்டும் போட்டால் கோப்பி சப்பென்று இருக்கும். நல்ல கிணற்றுத் தண்ணியையும் அதையும் அரைக்கரைவாசி கலந்து பாருங்கள், சுவையும் வரும், படையும் குறையும்.

பாசல் அண்ணை

ரீச்சர் சொன்னது முழுக்கச் சரி. நான் சுவிசில் கனகாலம் இருந்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். அங்கே இத்தாலிக்காரரோடு வேலை செய்து பழகினது மொக்கா பொட், அதாவது அடுப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தால் தண்ணி தூளுக்குள்ளால் ஏறி மேல் பாத்திரத்தில் கோப்பியாக வருகிற சின்னப் பாத்திரம். 1933இல் இத்தாலியில் வந்த சாமான், இன்றைக்கும் அதே வடிவம்தான். கரண்ட் வேண்டாம், காஸ் அடுப்பு போதும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாட்களை நினைத்தால் அது சின்ன விசயம் இல்லை.

இவருக்குக் கடுங்கோப்பி வேண்டும் என்றால் மூன்று கப் அளவு மொக்கா பொட் ஒன்று வாங்குங்கள். மூன்று கப் என்பது எங்கள் தேத்தண்ணிக் கப் இல்லை, சின்னக் கப், மொத்தமே 150 மில்லிலீட்டர் அளவுதான் வரும். கீழ்ப் பாத்திரத்தில் தண்ணி பக்கத்தில் உள்ள சின்ன வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். தூளை நிரப்பி மட்டப்படுத்துங்கள், அமத்தவே கூடாது. விளிம்பில் ஒட்டின தூளை விரலால் வழித்துவிட்டு இறுக்கிப் பூட்டுங்கள். நெருப்பு பாத்திரத்தின் அடியைத் தாண்டாத அளவு சின்னதாக இருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்தால் கோப்பி தேன் மாதிரி மெதுவாக மேலே வருகிறது தெரியும். நிறம் வெளிறி, நுரைத்து, கறகற என்று சத்தம் கேட்கத் தொடங்கினதும் இறக்கி, அடியை ஈரத் துணியில் வையுங்கள். அதற்குமேல் வருகிறது கசப்பு மட்டும்தான்.

ஒரு விசயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். அம்மாவின் தூளை மொக்காவில் போட வேண்டாம். மல்லி கலந்து மாவாக அரைத்த தூள் நனைந்தவுடன் களியாகி அடைத்துக்கொள்ளும், ஆவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். அந்த நேரம் காப்பாற்றுகிறது வால்வு ஒன்றுதான், எங்கள் தண்ணியில் அந்த வால்வுக்குள்ளும் சுண்ணாம்பு பிடிக்கும். வால்வின் நடுவில் உள்ள குச்சியை விரலால் அசைத்துப் பாருங்கள், அசையாவிட்டால் பாவிக்க வேண்டாம்.

கழுவுவது: ஆறின பிறகு கழற்றி, வெந்நீரில் அலசி, துடைத்து, பூட்டாமல் தனித்தனியாகக் காய வையுங்கள். அலுமினியம் என்றால் சோடாவில் ஊற வைக்கக் கூடாது, கறுக்கும். உள்ளே படை பிடித்தால் சிற்றிக் அசிட் கொஞ்சமாக, கொஞ்ச நேரம் மட்டும். ஸ்டீல் மொக்கா விலை கூட, ஆனால் எங்கள் தண்ணிக்கு அதுதான் நல்லது, அடியில் காந்தம் ஒட்டுகிற வகை என்றால் இண்டக்சன் அடுப்பிலும் வைக்கலாம்.

மாப்பொடி இல்லாமல் குறுணலாக அரைத்த தூள் கிடைத்தால் பிரெஞ்ச் பிரஸ் (வலைத் தட்டைக் கீழே அழுத்தித் தூளைப் பிரிக்கிற குவளை) இன்னும் சுகம். அரை லீட்டருக்கு 30 கிராம், கொதித்துச் சற்று ஆறின தண்ணி, நாலு நிமிசம், அழுத்தி ஊற்ற வேண்டியதுதான். அதற்குள் சூட்டுக் கம்பியே இல்லை, சுண்ணாம்பு எல்லாம் கேத்திலோடு நின்றுவிடும். வலையை மட்டும் கழற்றிக் கழுவ வேண்டும். தட்டுகளுக்கு இடையில் நிற்கிற எண்ணெய் பழுதானால் எவ்வளவு நல்ல தூள் போட்டாலும் ஊசல் மணம் வரும்.

சாவகச்சேரி மாமி

பிள்ளை, அம்மாவின் கோப்பிக்கு ஒரு மெசினும் வேண்டாம். அந்தத் தூள் கொதிதண்ணியில் போட்டு அடைய விட்டுக் குடிக்கவென்றே அரைத்தது. தண்ணி தளதளவென்று கொதித்ததும் தூளைப் போட்டு, ஒரு கொதியில் இறக்கி, மூடி வைத்து, கொஞ்சத்தால் மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். மேலே நிற்கிற தூள் அடைய ஒரு கரண்டி பச்சைத்தண்ணி தெளித்தால் போதும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற கோப்பி அது, காய்ச்சல் தடிமனுக்கும் அதுதான். டிரிப் மெசினில் போட்டால் கடதாசி வடியை அடைத்து, கூடைக்கு மேலால் வழிந்து, மேசை முழுக்கக் கோப்பியாகும். எங்கள் வீட்டில் மகன் போட்டுப் பார்த்தவன்.

துணியால் வடிக்கிறவர்கள் அந்தத் துணியைச் சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டாம், மணம் ஏறும். வெறும் தண்ணியில் அவித்து வெயிலில் போடுங்கள்.

இன்னொன்று, இவருக்குத் தூள் அரைப்பிக்கும்போது மில்லைப் பார்த்துக் கொடுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு கோப்பியைப் போட்டால் தொண்டை எரியும். கையால் சுத்துகிற சின்ன அரைக்கும் மெசின் ஒன்று வாங்கினால் வேண்டிய பருமனில் அன்றன்றைக்கு அரைக்கலாம், மணமும் வேறு.

கொக்குவில்காரி

எல்லாருக்கும் பெரிய நன்றி. கனடா மெசினை மச்சாளிடம் சொல்லிவிட்டு கனடாவுக்குத் திரும்பிப் போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடப் போகிறேன், டிரான்ஸ்போமர் வேலை எங்களுக்குச் சரிவராது. அம்மாவின் கோப்பி அம்மாவின் வழியில். இவருக்கு ஸ்டீல் மொக்கா, கையால் சுத்துகிற அரைக்கும் மெசின். விருந்தாட்கள் வந்தால் பிரெஞ்ச் பிரஸ் பிறகு யோசிப்பம்.

இரண்டு சந்தேகம். எங்கள் காஸ் அடுப்பின் கம்பிகள் அகலம், சின்ன மொக்கா அதில் நிற்குமா? மற்றது, சுடுதண்ணிப் போத்தலுக்குள் கோப்பிக் கறை பிடித்து மணக்குது, அதை எப்படி எடுப்பது?

பாசல் அண்ணை

நிற்காது, சரிந்து விழும். அடுப்புக்கு மேல் வைக்கிற சின்ன இரும்பு வளையம் பாத்திரக் கடைகளில் இருக்கும், இல்லாவிட்டால் வெல்டிங் கடையில் நாலு கம்பி வைத்து அடித்துத் தருவார்கள். கைபிடியை நெருப்புக்கு நேரே விடாமல் வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், பிளாஸ்டிக் உருகும்.

நீர்வேலி ரீச்சர்

போத்தலுக்கு அப்பச்சோடா. ஒரு மேசைக்கரண்டி போட்டு நல்ல கொதிதண்ணி நிரப்பி, மூடியை இறுக்காமல் இரவு முழுக்க விட்டு, காலையில் போத்தல் பிரஷ்ஷால் தேயுங்கள். கறை கோப்பியின் எண்ணெய், அதற்குச் சோடா. வெள்ளைப் படை சுண்ணாம்பு, அதற்கு அசிட். இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றினால் ஒன்றையொன்று முறித்துவிடும், வேலை நடக்காது. மூடியின் ரப்பரைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், மணம் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

பாசல் அண்ணை

ரப்பர் என்றதும் ஞாபகம் வந்தது. மொக்கா வாங்கும்போதே அதே அளவு ரப்பர் வளையம் ஒன்றிரண்டு மேலதிகமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். அது காய்ந்து இறுகினால் பூட்டுகிற இடத்தால் ஆவி சீறும், கோப்பி மேலே வராது. பிறகு தேடினால் அந்த அளவு இங்கே கிடைப்பது கஷ்டம்.