[கலைச்சொல்] பின்னால் வெளியாகி முன்னால் நடக்கும் படத்துக்கு என்ன பெயர்? (வியாழனுக்குள் வேண்டும்)

காட்பாடி:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தில் பட்டிமன்றம். தலைப்பு: "விஞ்சி நிற்பது ஸ்டார் வார்ஸா, லார்டு ஆஃப் த ரிங்ஸா?" வருகிறவர் கையில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை போடுகிறோம். அதில் ஓர் அட்டவணை: படம், வெளியான ஆண்டு, கதை வரிசையில் எத்தனையாவது, வகை. சீக்வலுக்குத் 'தொடர்ச்சி' என்று போட்டாயிற்று. ப்ரீக்வலில் (பின்னால் வெளியாகி, கதையில் முன்னால் நடக்கும் படம்) முட்டி நிற்கிறோம்.

இரண்டு நிபந்தனை. 'வகை' கட்டத்தின் அகலம் ஓர் அங்குலம்தான். 12 புள்ளி எழுத்தில் ஆறேழு எழுத்தைத் தாண்டினால் சொல் உடைந்து அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அடுத்தது, முதலாண்டு மாணவருக்கு விளக்கம் சொல்லாமலே புரிய வேண்டும். வியாழன் மாலை அச்சகத்துக்குக் கோப்பு போகணும்.

அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. "ப்ரீக்வல்களும் மதிப்பெண்ணில் சேரும்" என்று நடுவர் விதியில் ஒரு வரி இருக்கிறது.

ஆம்பூர்:

முன்கதை. நாலே எழுத்து. இன்னாத்துக்குத் தனி இழை?

குடியாத்தம்:

அவசரப்படாதே தம்பி. வார இதழில் தொடர்கதை படித்தவர்களுக்கு 'முன்கதை' என்றதும் 'முன்கதைச் சுருக்கம்'தான் நினைவுக்கு வரும். அது ஏற்கெனவே சொன்ன அத்தியாயங்களை, தவறவிட்டவருக்காகச் சுருக்கித் தருவது. ப்ரீக்வலோ இதுவரை சொல்லாததைச் சொல்வது. 1999 ஸ்டார் வார்ஸ் படத்துக்கு நேரே 'முன்கதை' என்று போட்டால், 1977, 1980, 1983 படங்களைச் சுருக்கி ஒரே படமாக்கினார்கள்போல என்று ஒருவர் எண்ண இடமிருக்கிறது.

'முன்னோட்டம்' டிரெய்லருக்குப் போய்விட்டது. 'மூலக்கதை' டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயருக்கு மேலே குடியேறிவிட்டது. என் பரிந்துரை 'வேர்க்கதை'. எழுத்து ஐந்து, கட்டத்தில் அடங்கும்.

வாலாஜா:

'கதை' வடசொல். அதை ஒட்டவைத்துப் புதுச்சொல் பண்ணுவானேன்? முன் + படம் = முற்படம். முற்பகல், முற்பிறப்பு, முற்காலம் எல்லாம் எப்படி வந்தனவோ அப்படி. "ணனவல் லினம்வரட் டறவும்" என்கிறார் நன்னூலில் பவணந்தியார். இதற்கும் ஐந்தெழுத்துதான். 'தொடர்ச்சி'யையும் 'பிற்படம்' என்று மாற்றிவிட்டால் இணை பொருந்தும்.

குடியாத்தம்:

அய்யா, அதே நூற்பா "வேற்றுமைக்கு" என்று தொடர்ந்து, "அல்வழிக்கு அனைத்துமெய் வரினும் இயல்பாகும்மே" என்றுதானே முடிகிறது? முன் + படம் எந்த வேற்றுமை? வழக்கைப் பார்த்தாலும் முன்பணம், முன்கோபம், முன்கை எல்லாம் திரியாமல்தான் நிற்கின்றன.

வாலாஜா:

இலங்கையில் 'முற்பணம்' என்று எழுதுகிறார்கள். திரித்தவர்கள் கெட்டுப்போகவில்லை.

சத்துவாச்சாரி:

'கதை' வடசொல் என்றால் 'படம்' மட்டும் எந்த ஊர்? வடமொழியில் 'பட' என்றால் துணி. துணியில் எழுதிய ஓவியம், அதிலிருந்து சித்திரம், அதிலிருந்து சினிமா.

வாலாஜா:

துணிதான், ஆனால் நம் துணி. "படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எம்கோ" என்று பேகனைப் பாடுகிறார் பரணர் (புறநானூறு 141). படர்வது படாம். பாம்பு விரிப்பதும் படம். விரித்த திரையில் விழுவதும் படம். படு, படி, படர், படம் எல்லாம் ஒரே வேர். ஒளி படிவதால் படம் என்றும் கொள்ளலாம்.

குடியாத்தம்:

சங்கப் பாட்டில் இருப்பதால் மட்டும் ஒரு சொல்லின் பிறப்பு உறுதியாகிவிடாது. தொல்காப்பியரே "வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ" என்று வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறார். மயிலுக்குப் போர்த்தியது போதும். அட்டவணைக்கு வருவோம்.

'முற்படம்' எனக்கு ஒத்துவராததற்குக் காரணம் புணர்ச்சி இல்லை, பொருள். "இதன் முற்படம் எது?" என்று கேட்டால் எவரும் 'முந்தைய படம் எது' என்றுதான் கொள்வார். 1999 படத்துக்கு முந்தைய படம் 1983இல் வந்தது. ஆக, ப்ரீக்வலைக் குறிக்க உருவாக்கிய சொல் அதற்கு முன்பு வெளியான படத்தைச் சுட்டும். துண்டறிக்கையில் இதைவிடப் பெரிய குழப்பம் வேண்டாம்.

ஆரணி:

தாமதமாக வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்க.

சிக்கல் 'முன்' என்ற சொல்லில். இடத்தைச் சொல்லும்போது அது கண்ணுக்கு எதிரே. காலத்தைச் சொல்லும்போது கடந்துபோனது. கூத்தில் பின்பாட்டுக்காரர் ஆடுகிறவருக்குப் பின்னால் நிற்கிறார், அவர் பாடிய அடியை அவருக்குப் பின் பாடுகிறார். அங்கே இடமும் காலமும் ஒத்துப்போகின்றன. ப்ரீக்வலில் இரண்டும் முறுக்கிக்கொள்கின்றன: வெளியீட்டில் பின், நிகழ்வில் முன். இதில் எந்த வரிசையைப் பார்த்துப் பெயர் வைப்பது?

பழைய வழி ஒன்று உண்டு. கம்பர் யுத்த காண்டத்தோடு நிறுத்தினார். உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது மரபு. 'உத்தரம்' என்றால் பின். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? முடிசூடிய இராமனுக்கு அகத்தியர் இராவணனின் குலம், பிறப்பு, பெற்ற வரம் எல்லாவற்றையும் எடுத்துரைக்கிறார். அது ப்ரீக்வல். அடுத்து சீதை வனம் போவது, லவ குசர் பிறப்பது. அது சீக்வல். ஒரே காண்டத்தில் இரண்டும். பெயர் வைத்தவர்கள் நிகழ்வு வரிசையைப் பார்க்கவில்லை, நூலில் அது நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள். இரட்டைக் காப்பியத்தில் இந்தத் தொல்லை கிடையாது. மணிமேகலை சிலம்புக்கு நேர்த்தொடர்ச்சி.

நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, பகடைத்துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம் என்று போய், பதினெட்டாம் போரும் படுகளமும் முடிந்து தீமிதி. கர்ணன் சாவான் என்பது தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் பொன்னுருவி போருக்குப் போகாதே என்று மறிக்கும்போது உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். முடிவு தெரிந்த கதையை விடிய விடியப் பார்ப்பது நமக்குப் பழக்கம். ஸ்டார் வார்ஸ் நாயகன் அனகின் வீழ்வான் என்று தெரிந்தே 2005 படத்தைப் பார்ப்பதும் அந்த ருசிதான். அந்த ஒரு காரணத்துக்காக என் ஓட்டு ஸ்டார் வார்ஸுக்கு.

சொல்லைக் கேட்டால், கதாகாலட்சேபக்காரர்களின் 'பூர்வகதை' இருக்கிறதே. வாலாஜா அய்யா கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாலாஜா:

கோபமில்லை ஆசிரியரே. வருத்தம்.

சத்துவாச்சாரி:

ஆசிரியர் அய்யா, ஓட்டை இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடலாமா? ரிங்ஸ் மூன்றும் நியூசிலாந்தில் ஒரே இயக்குநர் கையில் ஒரே மூச்சில் படமானவை. 2001, 2002, 2003 என்று ஆண்டுக்கொன்றாக வந்தன, மொத்தம் 558 நிமிடம். மூன்றாவது படம் 2004 ஆஸ்கர் விழாவில் போட்டியிட்ட 11 பிரிவிலும் வென்றது. கதை எங்கே முடியும் என்பது முதல் நாளே தெரிந்த தொடர் அது. ஸ்டார் வார்ஸில் 1977 படத்துக்கு வெளியாகும்போது எண்ணே கிடையாது. 'எபிசோட் 4' என்ற ஒட்டு 1981 மறுவெளியீட்டில்தான் ஏறியது.

அதனால்தான் ரிங்ஸ் கதைக்கு முன்னால் நடக்கும் 'ஹாபிட்' படங்களை ப்ரீக்வல் கட்டத்தில் போடுவதை எதிர்க்கிறேன். நூலாக ஹாபிட் 1937இல் வந்தது, ரிங்ஸ் 1954–55இல். நூல் உலகில் ரிங்ஸ்தான் ஹாபிட்டின் தொடர்ச்சி. பிள்ளைகளுக்கான ஒரு சிறு நூல். முதலில் இரண்டு படம் என்று திட்டம் போட்டு, பிறகு மூன்றாக்கி (2012, 2013, 2014) 474 நிமிடத்துக்கு இழுத்தார்கள். அந்த இழுவைக்கு எங்கள் அணியின் மதிப்பெண்ணை ஏன் வெட்ட வேண்டும்?

ஆம்பூர்:

ஓ, சொல் சண்டை இல்லையா இது, மார்க் சண்டையா! எங்கள் 1999 படத்தின் கோமாளிப் பாத்திரம் ஜார் ஜார் பிங்க்ஸை நாங்கள் சுமக்க வேண்டும், உங்கள் 474 நிமிடத்தை நீங்கள் சுமக்க மாட்டீர்களா? பட்டிமன்றம் படவரிசைக்கு. படமாக எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதுதான் கணக்கு.

1978 ஆஸ்கரில் ஸ்டார் வார்ஸுக்கு 6 விருது, கூடவே ஒரு சிறப்பு விருது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்கதைப் படங்கள் மூன்றையும் திட்டுகிறவர்கள்கூட, செனட் கைதட்டிக்கொண்டே குடியரசைப் பேரரசாக மாற்றிக்கொடுக்கும் அந்தக் காட்சியை விட்டுத்தர மாட்டார்கள். 1977 படத்தில் பேரரசு ஏற்கெனவே இருக்கிறது. எப்படி வந்தது என்பதை ஒருவர் படமெடுத்துக் காட்டித்தான் ஆகணும்.

காட்பாடித் தம்பிக்கு ஒன்று. அட்டவணையைக் கதை வரிசையில் அடுக்காதே. புதியவர் 1999 படத்தில் தொடங்கிப் போனால், 1980 படம் பொத்தி வைத்திருக்கும் தந்தை ரகசியம் 2005 படத்திலேயே உடைந்துவிடும். வெளியீட்டு வரிசையில் அடுக்கி, கதை வரிசையை எண்ணாக மட்டும் கொடு. ரசிகர்கள் சிலர் கதை வரிசை எண்ணில் 4, 5, 2, 3, 6 (1977, 1980, 2002, 2005, 1983) என்று பார்ப்பதும் இதற்காகத்தான். ரகசியம் 5இல் வெளியான பிறகு, 2உம் 3உம் நீண்ட பின்னோக்குக் காட்சிபோல அமைந்துவிடும்.

குடியாத்தம்:

ஆம்பூர் தம்பி சொன்ன அடுக்கு சரி. சொல்லை ஒரு முறை சோதித்துப் பார்ப்போம். 2016இல் வந்த ஸ்டார் வார்ஸ் படமான ரோக் ஒன் 1977 படத்தின் வாசலில் கொண்டுவந்து விட்டு முடிகிறது. 2022இல் தொடங்கிய ஆண்டோர் தொடர் அந்த ரோக் ஒன்னுக்கு முன்னால் நடப்பது. ப்ரீக்வலுக்கு ப்ரீக்வல். 'முற்முற்படம்' சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். 'முன்கதைக்கு முன்கதை' தடையில்லாமல் வருகிறது. 'வேர்க்கதைக்கு வேர்க்கதை' அர்த்தமே தரவில்லை. அதோடு வேர் மரத்துக்கு முன்பே இருப்பது. இவை மரம் காய்த்த பிறகு நட்ட வேர்கள். என் சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன்.

'முன்கதைச் சுருக்க'க் குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனால் வகைக் கட்டத்தில் பக்கத்திலேயே ஆண்டு இருப்பதால் ஓரளவு தெளிந்துவிடும்.

வாலாஜா:

பீமன் தோளில் இருப்பதும் கதைதான். 'முன்கதை' என்றால் முன்னால் நீட்டிய கதாயுதம் என்று எவராவது கொண்டால்?

ஆரணி:

பதினெட்டாம் போர் பார்த்தவர் அப்படித்தான் கொள்வார். அதிலும் ஒன்றும் நட்டமில்லை.

குடியாத்தம்:

அதைவிடப் பெரிய ஆபத்து அச்சகத்தில் இருக்கிறது. அவர்கள் இன்னும் பழைய எழுத்துருவில் கோப்பு செய்கிறவர்களாக இருந்தால் கவனம். அந்த முறையில் ஐகாரக் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். இரண்டுக்கும் இடையில் மாற்றும்போது வரிசை திருந்தாவிட்டால் கொம்பு இடப்பக்க எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். 'முன்கதை' அப்போது 'முன்கைத' ஆகும். முழங்கைக்குக் கீழே உள்ள முன்கை!

வேர்டு கோப்பாகக் கொடுக்காதே. எழுத்துரு பதித்த பிடிஎஃப் கொடு. அதைத் திறக்கும்போதும் உடைகிறது என்றால், கோரல்டிராவில் எழுத்துகளைக் கர்வ்ஸாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிக் கொடு. மாற்றிய பிறகு திருத்த முடியாது, ஆகவே மெய்ப்பு பார்த்துவிட்டு மாற்று. ஐகாரமும் ஒகர ஓகாரங்களும் வருகிற சொற்களை மட்டும் தனியாக ஒரு முறை ஓட்டிப் பார். வழக்கமாக இவைதான் சறுக்கும்.

காட்பாடி:

எல்லாருக்கும் நன்றி. வந்த ஓட்டு: முன்கதை 5, முற்படம் 1, பூர்வகதை 1. ஆரணி ஆசிரியர் தனியே எழுதி, 'பெரும்பான்மையோடு போகிறேன்' என்று தம் ஓட்டை மாற்றிவிட்டதால் முன்கதை 6.

அட்டவணை வெளியீட்டு வரிசையில் அடுக்கியாயிற்று. ஹாபிட் மூன்றுக்கும் 'முன்கதை' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடியில் "நூலாக 1937இல் வந்தது" என்று ஒரு வரி. கட்டத்தில் 'முன்கதை', உள்ளே விளக்கப் பகுதியில் 'முன்கதைப் படம்'. மாதிரியை இணைத்திருக்கிறேன்.

சத்துவாச்சாரி:

நட்சத்திரத்துக்கு நன்றி. மதிப்பெண்ணில் அது எத்தனை குறைக்கும் என்று நடுவரிடம் கேட்டுச் சொல்லவும். என் எதிர்ப்பு நிற்கிறது.

ஆம்பூர்:

நட்சத்திரம் மார்க் தராது பாஸ்.

வாலாஜா:

முற்படத்தை நான் கைவிடவில்லை. ஆனால் 'முன்கதை' என்று முடிவெடுத்த பிறகாவது அதைச் சரியாக எழுதுங்கள். இணைத்த மாதிரியில், இரண்டாம் பத்தியில் 'முன்கதை படம்' என்று இருக்கிறது. ஐகார ஈற்றுப் பெயர், இருபெயரொட்டு, வல்லினம் மிகும். ப் போடவும்.