கொக்குவிலில ரெண்டு கட்டடம்: ஒரு பெரிய பிஓஇ சுவிட்சோ, மூண்டு சின்னனோ?

செம்மண் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணம் கொக்குவிலில ஒரு சின்னத் தனியார் கல்வி நிலையத்துக்கு வயர் நெட்வேர்க் போடவேணும். முன் கட்டடம் பழைய கல்வீடு, சுவர் மொத்தம். ஒரு அறையைத் தாண்டினா வைபை இல்லை. அங்க கொம்பியூட்டர் 4, நெட்வேர்க் பிரின்டர் 1, கமரா 3, என்விஆர் (கமராப் படத்தைப் பதியிற பெட்டி) 1, அக்சஸ் பொயின்ற் (வைபை குடுக்கிற கருவி) 1. பைபர் ரவுட்டரும் அங்கதான். பின் வளவில தகரக் கூரை போட்ட வகுப்பறைக் கட்டடம். வயர் ஓடுற வழியால அளந்தா 45 மீற்றர். அங்க கமரா 2, அக்சஸ் பொயின்ற் 1, ஆசிரியற்ற கொம்பியூட்டர் 1.

என்ர சந்தேகங்கள்: 16 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வேர்க் வயராலேயே கரண்டும் குடுக்கிறது) ஒண்டை முன்னுக்கு வைச்சு எல்லாத்தையும் அதில குத்திறதோ, பிரிச்சுப் போடுறதோ? இன்ரநெற் 100 மெகாபிட்தான், அப்ப 100 மெகாபிட் சுவிட்ச் போதாதோ? ரெண்டு கட்டடத்துக்கும் நடுவில கேட் 6 செப்பு வயரை பிவிசி குழாயில தாட்டு விடலாமோ?


வடலி:

பிரிச்சுப் போடுங்கோ. 16 போர்ட் பிஓஇ சுவிட்சுகளில கனக்க விசிறி வைச்சது, அலுவலக அறையில இரைஞ்சுகொண்டே இருக்கும். அது செத்தா கமராவும் கணக்கு வேலையும் ஒண்டாப் படுக்கும். பிரிச்சா விலையும் குறைவு.

முன் கட்டடத்தில பிஓஇ இல்லாத 8 போர்ட் கிகாபிட் (1000 மெகாபிட்) சுவிட்ச் ஒண்டு: ரவுட்டர், கொம்பியூட்டர் 4, பிரின்டர், மற்றச் சுவிட்சுக்குப் போற வயர். ஏழு. பக்கத்திலயே 8 போர்ட் பிஓஇ கிகாபிட் ஒண்டு: கமரா 3, அக்சஸ் பொயின்ற், என்விஆர், முதல் சுவிட்சுக்கு ஒண்டு, பின் கட்டடத்துக்கு ஒண்டு. இதுவும் ஏழு. என்விஆரைக் கமராக்களோட ஒரே சுவிட்சில குத்துங்கோ. அப்ப கமராப் படம் முழுக்க அதுக்குள்ளேயே சுத்தும், கொம்பியூட்டர் பக்கம் வராது. பின் கட்டடத்துக்கு 5 போர்ட் பிஓஇ. அதில நாலு போர்ட் கரண்ட் குடுக்கும், அஞ்சாவது மேல போற வயருக்கு.

போர்ட்டை எண்ணிறதை விட வாட்டை எண்ணுங்கோ. பிஓஇயில 802.3ஏஎஃப் எண்ட தரத்தில ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், மற்றப் பக்கம் கருவிக்குக் கிடைக்கிறது 12.95. 802.3ஏடி எண்டா 30 வாட், கருவிக்கு 25.5. பெட்டியில "ஒரு போர்ட்டுக்கு 30 வாட்" எண்டு பெருசாப் போட்டிருப்பாங்கள். எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து எவ்வளவு எண்டது கீழ சின்ன எழுத்தில கிடக்கும், வேண்டேக்க அதைப் பாருங்கோ. அசையாத கமரா ஒண்டுக்கு இரவில 6 வாட் எண்டு வையுங்கோ, மூண்டுக்கு 18. அக்சஸ் பொயின்ற்றுக்கு 12. மொத்தம் 30. அதுக்கு மேல மூண்டில ஒரு பங்கு விட்டு 40 வாட். 60 வாட் கிட்டச் சொல்லுற சுவிட்ச் தாராளம்.

கணக்குப் பிழைச்சா வாற கோளாறு இப்பிடித்தான் இருக்கும்: பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. பொழுதுபட்டு, கமரா இருட்டில பாக்கிற இன்ஃப்ராரெட் லைற் பத்தினவுடன ஒரு கமரா விழுந்து எழும்பும், திரும்ப விழும். கமரா பழுது எண்டு மாத்துவினம். உண்மையில சுவிட்சுக்கு வாட் போதேல்லை. பல மலிவுச் சுவிட்சுகளில கடைசி நம்பர் போர்ட்டைத்தான் முதல்ல வெட்டும், அதால முக்கியமான கமராவை 1ஆம் போர்ட்டில போடுங்கோ.

100 மெகாபிட் கதை: இன்ரநெற்றுக்குப் போதும், உள்ளுக்க போதாது. 10 கிகாபைட் வகுப்பு வீடியோவை ஒரு கொம்பியூட்டரில இருந்து மற்றதுக்கு மாத்த கிகாபிட்டில ஒண்டரை நிமிசம், 100 மெகாபிட்டில கால் மணித்தியாலம். கமராவுக்கு மட்டும் 100 மெகாபிட் தாராளம். 4 மெகாபிக்சல் கமரா ஒண்டு அனுப்பிறதே ஒரு சில மெகாபிட்தான். ஆனா 100 மெகாபிட் பிஓஇ சுவிட்சில அக்சஸ் பொயின்ற்றையும் குத்தினா வைபையும் அந்த அளவிலேயே நிண்டுடும்.


நார்ப்பெட்டி:

வடலி சொன்ன பிரிப்பு சரி. நான் மூன்றாவது கேள்வியை மட்டும் எடுக்கிறேன், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் அதுதான்.

45 மீற்றர் என்பது செப்பு வயருக்குத் தூரமே இல்லை. வரம்பு 100 மீற்றர். பிரச்சினை இடி. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி எங்களுக்குத் தெரிந்ததுதான். அருகில் விழும் மின்னல், நிலத்துக்குள் புதைத்த செப்பு வயரிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். அத்தோடு இரண்டு கட்டடத்துக்கும் எர்த் தனித்தனி என்றால் மின்னல் நேரத்தில் அவற்றுக்கு இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு வரும், அது பாயும் வழி உங்கள் வயர். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபோமர் 1500 வோல்ட் வரை தாங்கவே சோதிக்கப்படுகிறது. மின்னல் அதைப் பொருட்படுத்தாது. பிவிசி குழாய் தண்ணீரையும் மண்வெட்டியையும்தான் தடுக்கும், மின்னலை அல்ல.

ஆகவே இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் பைபர் விடுங்கள், கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தேவை இவ்வளவுதான்: ஒற்றை இழை சிங்கிள் மோட் டிரொப் கேபிள் (வீட்டு இணைப்புக்கு இழுக்கும் மெல்லிய பைபர் கேபிள்), வளைவுகளுக்கும் மிச்சத்துக்கும் சேர்த்து 60 மீற்றர். இரு முனையிலும் ஒவ்வொரு கிகாபிட் மீடியா கன்வேட்டர் (பைபரைச் செப்பு வயரோடு இணைக்கும் சின்னப் பெட்டி). வீட்டு இணைப்புக்குப் பைபர் ஒட்டுபவர்கள் இதையும் ஒட்டித் தருவார்கள்.

வாங்கும்போது மூன்று விடயம். ஒற்றை இழைக் கன்வேட்டர்கள் ஏ, பி என்று சோடியாக வரும். ஒன்று 1310 நானோமீற்றரில் அனுப்பி 1550இல் கேட்கும், மற்றது மறுவளம். இரண்டும் ஏ என்றால் லைற் பற்றவே பற்றாது. அடுத்தது முனை. இன்ரநெற் ரவுட்டரில் செருகியிருக்கும் பச்சை முனை ஏபிசி, சாய்வாகத் தீட்டியது. கன்வேட்டருக்குப் பெரும்பாலும் நீல முனை, அதாவது யுபிசி வேண்டும். பச்சையை நீலத்தில் செருகினால் பொருந்துவதுபோல இருக்கும், ஆனால் ஒளி பெருமளவு இழக்கப்படும், முனையும் கீறுப்படலாம். ஒட்டுபவரிடம் "இரண்டு பக்கமும் நீலம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்றாவது, டிரொப் கேபிளின் ஓரத்தில் உருக்குக் கம்பி ஓடும் வகையும் உண்டு. அந்தக் கம்பி மின்னலை உள்ளே கொண்டுவரும். உலோகம் இல்லாத வகை கிடைத்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே எடுங்கள்.


செம்மண்:

நன்றி ரெண்டு பேருக்கும். பைபர் எண்டே முடிவு. இன்னும் ரெண்டு சந்தேகம். உள் வேலைக்கு 305 மீற்றர் கேட் 6 பெட்டி ஒண்டு ஏற்கெனவே வாங்கியாச்சு, மற்றக் கடையளை விட நல்ல மலிவு. மற்றது, பின் கட்டட 5 போர்ட்டில ஆசிரியற்ற கொம்பியூட்டரும் பிஓஇ போர்ட்டில வரப்போகுது. எரியாதோ?


கடற்காற்று:

எரியாது. 802.3ஏஎஃப், ஏடி சுவிட்ச் முதல்ல சின்ன வோல்ட் விட்டுப் பார்க்கும். மற்றப் பக்கம் 25 கிலோ ஓம் அளவில தடை தெரிஞ்சாத்தான் 48 வோல்ட் கிட்டக் குடுக்கும். கொம்பியூட்டரில அது இல்லை, அதால குடுக்காது. பயப்பட வேண்டியது கேளாமலே 24 அல்லது 48 வோல்ட் விடுற பாசிவ் பிஓஇ அடப்டர்களுக்குத்தான். அதை ஒருக்காலும் கொம்பியூட்டரில குத்தாதேங்கோ.

மலிவுப் பெட்டி எண்டதுதான் யோசனை. வயரை உரிச்சு ஒரு கம்பியைக் கத்தியால மெல்லச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்க வெள்ளி நிறம் தெரிஞ்சா அது செப்புப் பூசின அலுமினியம். பெட்டியில சிசிஏ எண்டு எழுதியிருந்தாலும் அதே சங்கதிதான். அதின்ர மின்தடை செப்பை விட ஏறக்குறைய ஒண்டரை மடங்கு. பிஓஇ கமராவுக்குத் தூரத்தில வோல்ட் விழும், வயரும் சூடாகும். நாலைஞ்சு தரம் மடிச்சா முறியும், கீஸ்டோனில (சுவர்ச் சொக்கெற்றில) அடிச்ச இடத்தில நாள்பட இளகும். அப்பிடியெண்டா திருப்பிக் குடுத்து முழுச் செப்பு எடுங்கோ. சுவருக்குள்ள போறதைப் பிறகு மாத்திறது சுவிட்ச் மாத்திற மாதிரி லேசான வேலை இல்லை.

முனை அடிக்கேக்க 568பி எண்ட நிற வரிசை: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை கபிலம், கபிலம். சிலபேர் "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக் காணும்" எண்டு சோடி சோடியா நேரா அடுக்கிவிடுவினம். எட்டு லைற் பத்திற மலிவு ரெஸ்ரர் அதைச் சரி எண்டே காட்டும், ஏனெண்டா ஒண்டு ஒண்டோடதானே போய்ச் சேருது. ஆனா 3ஆம், 6ஆம் கம்பிகள் ஒரே முறுக்கில வராததால ஒரு சோடியின்ர சிக்னல் மற்றதுக்குள்ள கசியும். குட்டி வயரில வேலை செய்யும், 20 மீற்றரில இணைப்பு விட்டு விட்டுப் போகும். பச்சைச் சோடி நீலத்துக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குதோ எண்டு ஒவ்வொரு முனையிலயும் கண்ணால பாருங்கோ.

இன்னொண்டு. கிகாபிட்டுக்கு நாலு சோடியும் வேணும், 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 மட்டும். வயர் குத்தினாப் பிறகு விண்டோசில வேகம் 100 எண்டு காட்டினா சுவிட்சைக் குறை சொல்லாதேங்கோ, நீலம் அல்லது கபிலம் எங்கயோ தொடேல்லை. முனையை வெட்டித் திரும்ப அடிச்சா சரிவரும்.


வடலி:

ஒரு விசயம் விட்டுட்டன். பல பிஓஇ சுவிட்சுகளின்ர முன்பக்கம் குட்டித் தட்டுச் சுவிட்ச் இருக்கும். "எக்ஸ்டென்ட்" போட்டா கமராவை 250 மீற்றருக்குக் கொண்டுபோகலாம், ஆனா அந்தப் போர்ட்டுகள் 10 மெகாபிட்டுக்கு இறங்கும். அக்சஸ் பொயின்ற்றும் அதோட சேர்ந்து தவளும். "ஐசொலேசன்" அல்லது "விலான்" போட்டா போர்ட்டுகள் ஒண்டையொண்டு பாக்காது, மேல போற வயர் குத்திற அப்லிங்க் போர்ட்டை மட்டும்தான் பாக்கும். நான் சொன்ன மாதிரி என்விஆரையும் அதே சுவிட்சில குத்தினா ஒரு கமராவும் வராது. ரெண்டையும் நிப்பாட்டி வையுங்கோ.

கொம்பியூட்டர் பக்க 8 போர்ட்டுக்கு டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ மாதிரி, செட்டிங் மாத்தக்கூடிய ஸ்மார்ட் வகை எடுத்தா நல்லம். சாதாரண எஸ்ஜி108ஐ விட விலை கொஞ்சம்தான் கூட. கேபிள் ரெஸ்ற் அதுக்குள்ளேயே இருக்கு, லூப் தடுப்பும் இருக்கு. கல்வி நிலையத்தில லூப் கட்டாயம் வரும். தொங்கிற வயரின்ர மற்ற முனையையும் யாரோ சுவரில குத்திவிடுவினம். எல்லா லைற்றும் ஒரே நேரத்தில படபடவெண்டு மின்னும், பிரின்டர் தொட்டு இன்ரநெற் வரை ஒண்டும் நகராது. தடுப்பு இல்லாத சுவிட்சில வயரை ஒவ்வொண்டாக் கழட்டிப் பாக்கிறதுதான் வழி, எதைக் கழட்ட லைற் அமைதியாகுதோ அதுதான். வாங்கினவுடன கடவுச்சொல்லை மாத்துங்கோ, தொடக்கத்தில கனக்க சுவிட்சுக்கு "அட்மின்" எண்டுதான் இருக்கும்.

பின் கட்டடச் சுவிட்சைத் தகரத்துக்குக் கிட்ட உயரத்தில பூட்டாதேங்கோ, மத்தியானத்தில அந்த இடம் கொதிக்கும். ஆள் உயரத்துக்குக் கீழ, காத்துப் போற பெட்டியில வையுங்கோ. அங்க கன்வேட்டருக்கும் கரண்ட் வேணும், அதால யூபிஎஸ் அங்கயும் ஒண்டு தேவை. 12 வோல்ட் 7 அம்பியர் மணி பற்றரி வைச்ச சின்ன யூபிஎஸ்ஸில 84 வாட் மணி இருக்கு. பாதிதான் கைக்கு வரும் எண்டு கணக்குப் போடுங்கோ. கமரா 2, அக்சஸ் பொயின்ற், சுவிட்ச், கன்வேட்டர் எல்லாம் 30 வாட் கிட்ட இழுத்தா ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிக்கும். ஆசிரியற்ற கொம்பியூட்டரை அதில குத்தாதேங்கோ.