ஹங்கர் கேம்ஸ் மூன்றாம் பாகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா, இரண்டோடு நிறுத்தலாமா?

பாம்பன் அக்கா:

எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கிறவர்கள். நாவலை இங்கிலீஷில் நான் படித்து வைத்துக்கொண்டு, அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்வேன். இப்போது தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது, அப்பாக்கள் வீட்டில் இருக்கிறார்கள், வலை பொத்துகிற வேலை நடக்கிறது. பிள்ளைகளும் பொழுது சாய்வதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சூசன் காலின்ஸ் எழுதிய ஹங்கர் கேம்ஸ் (2008), அதற்கு அடுத்த கேட்சிங் ஃபயர் (2009) இரண்டையும் முடித்துவிட்டோம்.

முதல் பாகத்தில் இவர்களை உலுக்கியது சீட்டுக் கணக்கு. 12 வயதானதும் பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் ஏறும், 18 வயது வரை வருஷத்துக்கு ஒன்று கூடும். யார் பெயர் குலுக்கலில் வருகிறதோ அந்தப் பிள்ளை மற்ற பிள்ளைகளோடு சாகும்வரை சண்டை போட வேண்டும். வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லையென்றால் கூடுதல் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். ஒரு சீட்டுக்கு ஒரு ஆளின் ஒரு வருஷத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். கதாநாயகி காட்னிஸ் தனக்கு, அம்மாவுக்கு, தங்கைக்கு என்று மூன்று எழுதுகிறாள், கட்டாயச் சீட்டோடு நாலு. அது வருஷா வருஷம் சேர்ந்து 16 வயதில் 20 ஆகிறது. அவள் சிநேகிதன் கேலுக்கு 18 வயதில் 42. எட்டாவது படிக்கிற பெண் இதைத் தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப ஆள் நிறைய இருக்கிற வீட்டுப் பிள்ளைதானேக்கா மாட்டும்?" என்று கேட்டாள். ரேஷன் கடை வரிசையில் அரிசிக்கும் பாமாயிலுக்கும் நிற்கிற பிள்ளை அவள். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

கதையில் வருகிற நாலாவது மாவட்டம் மீன்பிடிக்கிற ஊர் என்றதும் திண்ணையே எழுந்து நின்றது. அந்த ஊர் ரொட்டி மீன் வடிவத்தில், கடல்பாசி சேர்த்துப் பச்சையாக இருக்கும் என்றேன். பாட்டியோடு பாசி எடுக்கப் போகிற பிள்ளை உடனே, "எந்தப் பாசி? மரிக்கொழுந்தா, கட்டக்கோரையா?" என்றது.

என் கேள்வி இனிமேல்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில் காட்னிஸைக் காப்பாற்றிக் கொண்டுபோய்விடுகிறார்கள், அவளோடு போட்டிக்குப் போன பையன் பீட்டா அரசாங்கத்திடம் பிடிபடுகிறான். அதைச் சொன்ன அன்றைக்கு ஒரு பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அவன் அப்பா நடுக்கடலில் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ராத்திரி அவன் சாப்பிடவில்லை என்று அம்மா மறுநாள் வந்து சொன்னார். கோபமாகப் பேசவில்லை, "இதுக்கு மேல வேண்டாமே" என்றார். மூன்றாம் பாகமான மாக்கிங்ஜேயில் (2010) பீட்டா சித்திரவதைப்பட்டு வேறு ஆளாகத் திரும்பி வருவது எனக்குத் தெரியும். சொல்லலாமா? வேறு தொடருக்குப் போய்விடலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி வாத்தியார்:

தங்கச்சி, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு மூன்றாம் பாகம் வேண்டாம் என்பேன். அது முழுக்கப் போர்க் கதை. (முடிவு தெரிய வேண்டாம் என்கிறவர்கள் அடுத்த இரண்டு வரியைத் தாண்டிவிடுங்கள்.) போட்டியின்போது பரிசுப் பொருள் வருகிற குட்டிப் பாராசூட் போலவே குண்டை இறக்குகிறார்கள், பிள்ளைகள் கை நீட்டி வாங்கும்போது வெடிக்கிறது. காட்னிஸின் தங்கையும் அங்கேதான் செத்துப்போகிறாள். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளை எப்படித் தூங்கும்?

லோயிஸ் லோரியின் தி கிவர் எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் வந்தது, அடுத்த வருஷம் அமெரிக்கச் சிறார் நூல்களுக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. சின்னப் புத்தகம். பசி இல்லை, சண்டை இல்லை, நிறமும் இல்லாத ஒரு ஊர். யாருக்கு என்ன வேலை என்று 12 வயதில் பெரியவர்களே முடிவு பண்ணிவிடுவார்கள். ஜோனாஸுக்கு மட்டும் பழைய உலகத்தின் நினைவுகளை வாங்கி வைத்துக்கொள்கிற வேலை. அதிலும் ஒரு கொடூரமான இடம் உண்டு, குழந்தை சம்பந்தப்பட்டது. முன்கூட்டிப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பிடித்துப்போனால் தொடர்ச்சியாக இன்னும் மூன்று இருக்கிறது, கடைசியான சன் 2012-இல் வந்தது.

தமிழிலேயே வேண்டுமென்றால் சுஜாதாவின் என் இனிய இயந்திரா இருக்கிறதே. விகடனில் தொடராக வந்தது. பெயர்கூட இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போடுகிற ஆட்சி. ஜீனோ என்கிற எந்திர நாயைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள்.

கீழக்கரைப் பெண்:

அக்கா, தயவுசெய்து இரண்டாம் பாகத்தோடு நிறுத்தாதீர்கள். அங்கே நிறுத்தினால் அந்தப் பையனுக்குப் பீட்டா சிறையிலேயே கிடப்பான். பிடிபட்டது மட்டும் தெரியும், திரும்பி வந்தது தெரியாது.

நான் பத்தாவது லீவில் படித்தேன். மூன்றாம் பாகத்தில் என்னைப் பிடித்து வைத்தது பீட்டா விளையாடுகிற "நிஜமா, பொய்யா" விளையாட்டு. விஷம் ஏற்றி அவன் நினைவுகளையே மாற்றிவிடுகிறார்கள். எது நடந்தது, எது அவர்கள் புகுத்தியது என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றாகக் கூட இருப்பவர்களிடம் கேட்கிறான். "உனக்குப் பிடித்த நிறம் பச்சை. நிஜமா, பொய்யா?" அவர்கள் நிஜம் என்றோ பொய் என்றோ சொல்கிறார்கள். ஒரே நாளில் சரியாவதில்லை. அவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவர்களும் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள். சிறையிலிருந்து அப்பா திரும்பி வந்த வீட்டுக்கு இது தெரிந்த கதைதான் அக்கா.

ஃபின்னிக்கும் இருக்கிறான், உங்கள் பிள்ளைகளின் நாலாவது மாவட்டத்துக்காரன். மனசு தாங்காதபோது கையில் ஒரு துண்டுக் கயிறு வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவான், அவிழ்ப்பான், மறுபடி போடுவான். காட்னிஸுக்கும் ஒரு துண்டு கொடுக்கிறான்.

காலின்ஸின் அப்பா வியட்நாம் போருக்குப் போனவர். டிவியில் ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சியும் இன்னொன்றில் ஈராக் போரும் மாறி மாறி ஓடியதைப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். போருக்குப் போனவரின் மகள் எழுதிய கதை, மூன்றாம் பாகத்தில் அது நன்றாகவே தெரியும். டைவர்ஜென்ட், மேஸ் ரன்னர் தொடர்களும் படித்தேன். ஓட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் மனுஷர்கள் இந்த அளவுக்கு நிற்கவில்லை.

வாலிநோக்கத்துக்காரன்:

ஒரே ஒரு புத்தகம் சொல்கிறேன்: பாவ்லோ பாசிகலூப்பியின் ஷிப் பிரேக்கர், 2010. கடல் மட்டம் ஏறி ஊர்கள் மூழ்கிப்போன அமெரிக்கக் கடற்கரை. கரையில் ஏற்றி வைத்த பழைய எண்ணெய்க் கப்பல்களுக்குள் பிள்ளைகள் குழாய் வழியே நுழைந்து செம்புக் கம்பி உருவுகிறார்கள். நெய்லர் என்ற பையனுக்குத் தான் வளர்ந்துவிடுவோமோ என்று பயம், உடம்பு பெருத்தால் குழாய்க்குள் நுழைய முடியாது, வேலை போய்விடும். ஒரு இடத்தில் கப்பலுக்குள் எண்ணெய்த் தேக்கத்தில் விழுந்துவிடுகிறான். கூட வேலை செய்கிற பெண் அவனை விட்டுவிட்டுப் போகிறாள், எண்ணெயை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்று.

எங்கள் ஊரிலும் கப்பல் உடைத்தார்கள். நான் உப்பள வேலைக்காரன், எனக்கு மூத்தவர்கள் அந்த வேலை பார்த்தவர்கள். கியாஸ் வெல்டிங் நெருப்பையும் இரும்புத் தகடு விழுகிற சத்தத்தையும் அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் இந்தப் புத்தகத்தை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: நெய்லரின் அப்பா போதைக்காரன், அடிக்கிறவன். குடியால் கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளை உங்கள் திண்ணையில் இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

பாம்பன் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. "நிஜமா, பொய்யா" பகுதியை அந்த அம்மாவிடம் அப்படியே கதையாகச் சொன்னேன். வலை ஊசியோடு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லுங்க டீச்சர், நானும் வந்து உட்காருறேன். வந்ததுல இருந்து அவன் என்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்ல" என்றார். அதனால் மூன்றாம் பாகத்தை ஆரம்பிக்கிறேன். வாத்தியார் அண்ணன் சொன்னதும் நியாயம்தான். பாராசூட் அத்தியாயத்தை ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்வேன், சின்னவர்களுக்கு அன்றைக்கு ஜீனோ.

வாலிநோக்கத்து அண்ணே, ஷிப் பிரேக்கர் உங்களிடம் இருந்தால் கொடுப்பீர்களா? சனிக்கிழமை ராமநாதபுரம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்கிறேன். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.