மாமாவின் பெட்டியில் பிளானட் ஹாலிவுட் டி-சர்ட்: இந்தக் கடைகள் ஏன் படுத்தன?

மடிப்பாக்கத்தான்:
போகிக்கு வீட்டை ஒழித்தபோது மாமாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு டி-சர்ட் அகப்பட்டது. பிளானட் ஹாலிவுட், அதாவது ஹாலிவுட் நட்சத்திரங்களைக் காட்டி நடத்திய சாப்பாட்டுக் கடை; கீழே லண்டன். 1996ல் கம்பெனி வேலையாகப் போனபோது வாங்கியதாம். அதைக் கல்யாண வீட்டுக்கே போட்டுக்கொண்டு வந்தார் என்று அம்மா இன்றும் குறைபடுகிறாள். அர்னால்டு, ஸ்டாலோன், புரூஸ் வில்லிஸ், டெமி மூர் எல்லாரும் பின்னால் நின்ற கடை எப்படி ஓய்ந்தது? சாப்பாடு மோசமா, இல்லை நட்சத்திர மோகம் போய்விட்டதா?

ஈஸ்ட்ஹாம் வாசி:
தம்பி, நான் 1997ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் இதே மாதிரியான ஒரு கடையில் இரண்டு வருடம் கோப்பை கழுவினேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். கழுவுகிறவனுக்கு ஒரு விஷயம் முதலில் தெரியும்: தட்டில் என்ன மிச்சம் வருகிறது என்று. பாதி பர்கர் அப்படியே திரும்பி வரும். நாலு பேர் கொண்ட குடும்பம் சிப்ஸ் இரண்டு தட்டு சொல்லும், போகும்போது கையில் மூன்று பை சட்டை இருக்கும். சட்டைக் கவுண்டரில் நின்ற பையனுக்கு மூச்சு விட நேரமில்லை.

ஆகஸ்டில் வாசலில் வரிசை. பிப்ரவரி செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால் நாங்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். லண்டன்காரன் ஒருவன் இரண்டாம் முறை வந்து நான் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் கழுத்தில் கேமரா தொங்கவிட்டவர்கள். அவர்களுக்கும் ஒரு தடவை போதும். சட்டை வாங்கியாயிற்று, படம் எடுத்தாயிற்று, பிறகு எதற்கு வருவது?

நட்சத்திரம்? திறப்பு விழாவுக்கு வந்தார்களாம், தெருவையே அடைத்தார்களாம். அது நான் சேருவதற்கு முந்திய கதை. நல்லூரில் தேரன்று சாமி வெளியே வருவார், மற்ற நாளில் உள்ளே இருப்பார் என்று நம்பித்தானே சனம் போகிறது? இங்கே உள்ளே யாரும் இல்லை. யாரோ ஒரு படத்தில் போட்ட கோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. அதற்குத் தூசி தட்டுவதும் எங்கள் வேலைதான். "இன்றைக்கு யாராவது வருவார்களா?" என்று ஒரு ஜப்பான் அம்மா கேட்டார். சிரித்துக்கொண்டு தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன்.

பழைய பங்குக்காரர்:
சாப்பாடு ஒரு காரணம்தான், ஆனால் கணக்கையும் பாருங்கள். நியூயார்க் 57வது தெருவில் முதல் கடை 1991 அக்டோபரில் திறந்தது. 1996 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். வெளியீட்டு விலை 18 டாலர், முதல் நாளிலேயே 32 வரை போனது. பங்கு வாங்கியவனுக்கு வருடா வருடம் வளர்ச்சி காட்ட வேண்டும். இருக்கிற கடையில் கூட்டம் ஏறாவிட்டால் புதுக் கடை திறந்துதானே காட்ட முடியும்? ஊருக்கு ஊர் திறந்தார்கள். பக்கத்து ஊரிலேயே கிடைக்கிற சட்டையைத் தூக்கிக்கொண்டு வர யார் லண்டன் போவார்கள்? 1999 அக்டோபரில் திவால் மனு. அடுத்த வருடத் தொடக்கத்தில் அர்னால்டு விலகினார். 2001ல் மறுபடியும் திவால். சூப்பர் மாடல்கள் பெயரில் வந்த ஃபேஷன் கஃபேயை நினைத்துப் பாருங்கள். 1995ல் நியூயார்க்கில் வந்தது, சில வருடத்தில் போயே போய்விட்டது. சாப்பாட்டுக்கும் மாடல்களுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதே கேலி செய்தார்கள்.

மடிப்பாக்கத்தான்:
அப்படியானால் ராக் இசையைக் காட்டி இதே மாதிரி நடக்கும் ஹார்டு ராக் கஃபே மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது?

ஈஸ்ட்ஹாம் வாசி:
அது 1971ல் லண்டனில் தொடங்கிய கடை. ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அங்கே வாடிக்கையாளர். தான் உட்காரும் இடத்துக்கு அடையாளமாகத் தன் கிட்டாரை மாட்டச் சொன்னார், சில நாளில் இன்னொரு கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டும் போட்டிக்கு ஒன்று அனுப்பினார் என்பது கதை. அதாவது, சாப்பிட வந்தவன் விட்டுப்போன பொருள். காசு கொடுத்து வாங்கித் தொங்கவிட்ட கோட்டு இல்லை. பிளானட் ஹாலிவுட்டைத் தொடங்கிய ராபர்ட் ஏர்ல் ஹார்டு ராக்கில் இருந்து வந்தவர்தான். சுவரைப் பார்த்துச் சுவர் கட்டினார்.

பழைய பங்குக்காரர்:
கிட்டார் மட்டும் காப்பாற்றவில்லை ஐயா. ஹோட்டலும் சூதாட்ட விடுதியும்தான் காப்பாற்றின. 2007ல் புளோரிடாவின் செமினோல் பழங்குடியினர் 96.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள்.

இன்னொன்று, சாயி பக்தையான என் பெரியம்மா சொல்லித்தான் தெரியும்: ஹார்டு ராக்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஐசக் டிக்ரெட், கடைப் பங்கை விற்ற பணத்தைக் கொடுத்து எழுந்ததுதான் புட்டபர்த்தியின் பெரிய ஆஸ்பத்திரி. அதுவும் 1991லேயே திறந்தது.

மடிப்பாக்கத்தான்:
மாமாவிடம் போனில் கேட்டேன். உள்ளே உட்காரவே இல்லையாம். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கையில் கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டாராம்.