எம்.எஸ். இ.என்.டி. முடித்ததும் காது, தலைசுற்றல் மட்டும்: எதில் தொடங்குவது?

அங்கவடி:
எம்.எஸ். கடைசி ஆண்டு. காதும் சமநிலைக் கோளாறும் மட்டும் பார்க்க விருப்பம். ஓட்டாலஜி (காது மருத்துவம்) ஃபெலோஷிப்புக்கு முன் இந்த ஓராண்டில் எதைப் பழகிக்கொள்வது நல்லது? டிம்பனோபிளாஸ்டி (செவிப்பறைச் சவ்வு ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன்) எண்ணிக்கையைக் கூட்டினால் போதும் என்கிறார்கள் சீனியர்கள். சரியா?

சிக்மாய்டு:
எண்ணிக்கையைவிட டெம்போரல் போன் லேப், அதாவது காதெலும்பைக் குடைந்து பழகும் இடம், முக்கியம். மேல் எலும்பைப் பெரிய கட்டிங் பர்ரால் (எலும்பைக் குடையும் சுழல்முனை) எடுங்கள். டியூரா (மூளை உறை), சிக்மாய்டு சைனஸ் (பெரிய ரத்தக்குழாய்), முகநரம்பு நெருங்கியதும் டைமண்ட் பர்ருக்கு மாறுங்கள். நரம்பு ஓடும் திசையிலேயே பர்ரை ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். தண்ணீர் குறைந்தால் பர் தொடாமலே சூடு நரம்பைக் கெடுத்துவிடும். நடுக்காதின் எலும்புச் சங்கிலி இணைந்திருக்கும்போது சுழலும் பர் அதிலுள்ள இன்கஸ் எலும்பில் பட்டால் அதிர்வு நேரே உள்காதுக்குப் போகும். சவ்வு ஓட்டை அடைபட்டிருக்கும், ஆனால் கேட்கும் திறன் போயிருக்கும்.

கடைசியாக ஃபேஷியல் ரிசெஸ் திறந்து பழகுங்கள். முகநரம்புக்கும் கார்டா டிம்பனி என்ற சுவை நரம்புக்கும் நடுவிலுள்ள அந்தச் சின்ன இடைவெளிதான் காக்ளியர் இம்பிளான்ட்டுக்கு (உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வழக்கமான பாதை.

டெசிபெல்:
கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜி அறையிலும் ஒரு மாதம் உட்காருங்கள் டாக்டர். மாஸ்கிங் (ஒரு காதைச் சோதிக்கும்போது மறுகாதை இரைச்சலால் மறைப்பது) புரியாமல் காதில் கத்தி வைக்கக் கூடாது. ஹெட்ஃபோன் ஒலி சுமார் 40 டெசிபெல் குறைந்து மறுகாதுக்குத் தாண்டிவிடும். எலும்புவழி ஒலி ஏறக்குறைய குறையாமலே தாண்டும். அதனால் துளியும் கேட்காத காதுகூட, மாஸ்கிங் இல்லாத ஆடியோகிராமில் (கேட்கும் திறன் வரைபடம்) 50, 60 டெசிபெல் கண்டக்டிவ் குறைபாடு (ஒலி உள்காதுக்குப் போகும் வழியில் தடை) போலத் தெரியும். அதை நம்பி ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் பலன் பூஜ்யம்.

512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க்கை நெற்றியில் வையுங்கள். ஒரு காதில் மட்டும் கண்டக்டிவ் என்றால் ஒலி அந்தக் காதுப் பக்கம் போக வேண்டும். நல்ல காதுக்குப் போனால் ஆடியோகிராமைத் திருப்பி அனுப்புங்கள். திடீரென்று காது அடைத்ததாக ஒருவர் வந்து, குறும்பியும் இல்லாமல், ஒலி நல்ல காதுக்குப் போனால் அன்றே ஆடியோகிராம் எடுங்கள். ஸ்டீராய்டு பலன் தருவது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான்.

ஓட்டோலித்:
தலைசுற்றலை யாரும் தொடவில்லையே! டிக்ஸ்-ஹால்பைக் என்ற தலைசுற்றல் சோதனையில் தலையை 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே 20 டிகிரி தொங்கும்படி சாய்க்க வேண்டும். சாய்த்த உடனே ஒன்றுமில்லை என்று எழுப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. நிஸ்டாக்மஸ் (கண் தானாகத் துடிப்பது) தொடங்கவே சில நொடி பிடிக்கும், 30 நொடியாவது காத்திருங்கள். கண் சுழன்றபடி மேல்நோக்கித் துடித்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் உள்காதின் போஸ்டீரியர் கேனாலில் (பின் அரைவட்டக் குழாய்) துகள் நகர்ந்த கோளாறு. அந்தக் கட்டிலிலேயே, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியேற்றும் எப்லி செய்துவிடலாம், ஒவ்வொரு நிலையிலும் 30 நொடி.

தலைசுற்றல் மருந்தான புரோகுளோர்பெரசினை வாரக்கணக்கில் எழுதும் பழக்கம் மட்டும் வேண்டாம். மூளை தானே ஈடுசெய்துகொள்வதை அது தள்ளிப்போடும். வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரலாம். கடும் சுற்றலுக்கு இரண்டு மூன்று நாள் போதும்.

அங்கவடி:
நன்றி சார். இரண்டு முறை எப்லி செய்தும் குறையாவிட்டால்?

ஓட்டோலித்:
மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை 30 டிகிரி உயர்த்தி, இருபுறமும் திருப்பிப் பாருங்கள். கண் கிடைமட்டமாகத் தரையை நோக்கித் துடித்தால் ஹாரிசாண்டல் கேனால் (கிடைமட்டக் குழாய்) கோளாறு, பலமாகத் துடிக்கும் பக்கமே கோளாறுள்ள காது. அதற்கு எப்லி உதவாது. நல்ல காதை நோக்கி 90 டிகிரியாக உருட்டும் பார்பெக்யூ முறைதான். கண் கீழ்நோக்கி மட்டும் துடித்து அடங்காமலே இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

நாள் முழுக்க ஓயாமல் சுற்றி, நிஸ்டாக்மஸும் இருப்பவர் வேறு வகை. அவருக்கு ஹெட் இம்பல்ஸ் (தலையைச் சட்டெனத் திருப்பி, கண் நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை) இயல்பாக இருந்தால்தான் பயப்பட வேண்டும், ஸ்ட்ரோக்காக இருக்கலாம். சி.டி. சுத்தமாக வந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சிறுமூளைப் பக்கத்து அடைப்பை முதல் நாள் சி.டி. பெரும்பாலும் காட்டாது.