யூஇஐ நம்பர் வாங்க முடியலை, வெள்ளிக்கிழமை கடைசி நாள், யாராவது உதவுங்க

கோவில்_தொண்டன்:
வணக்கம். எங்க கோவிலுக்கு அமெரிக்க அரசோட பேரிடர் துறையான ஃபெமா, லாபநோக்கில்லாத அமைப்புகளுக்குத் தர்ற என்எஸ்ஜிபி பாதுகாப்பு மானியம் கேட்டு விண்ணப்பிக்கறோம். அதுக்கு யூஇஐங்கற அமைப்பு அடையாள எண் வேணும். அதைத் தர்ற அரசாங்கத்தோட சாம் டாட் கவ் தளத்துல பேரும் முகவரியும் போட்டா பொருந்தலைன்னே வருது. மூணு தடவை போட்டுப் பார்த்தாச்சு. கேமரா, வேலி, கதவு எல்லாத்துக்கும் கொட்டேஷன் ரெடி. இது ஒண்ணுதான் நிக்குது. போன மாசம் ராத்திரி யாரோ பக்கத்து ஜன்னலை உடைச்சுட்டாங்க. விடிகாலைல அபிஷேகத்துக்கு வந்த குருக்கள் வெறுங்காலோட கண்ணாடித் துண்டை மிதிச்சுட்டார். பிரகாரம் முழுக்க ரத்தத் தடம். கமிட்டில எல்லாரும் பயந்து போயிருக்காங்க. அவசரம்.

நியூஜெர்சி_மாமி:
குருக்கள் இப்ப எப்படி இருக்கார்? எந்த மாநிலம்னு சொல்லலையே. இந்த மானியத்துக்கு ஃபெமாகிட்ட நேரா போக முடியாது, மாநில அலுவலகம் வழியாத்தான் போகும். கடைசி தேதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெள்ளிக்கிழமைன்னு எங்க பார்த்தீங்க? இடம் சொந்தமா, வாடகையா?

பைட்_பாண்டி:
இது பிரவுசர் பிரச்சனை. கேஷ் அழிச்சுட்டு வேற பிரவுசர்ல போடுங்க. அந்தத் தளம் அப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
வருஷா வருஷம் இதே கேள்வி. மானிய அறிவிப்பை ஒரு தடவையாவது முழுசாப் படிச்சுட்டு வந்து கேளுங்க தம்பி. 2022 ஏப்ரல் 4-ல இருந்து அமைப்புகளுக்கு இருந்த பழைய டன்ஸ் அடையாள எண் கிடையாது, யூஇஐதான். உங்களுக்கு முழுப் பதிவு தேவையே இல்லை, எண் மட்டும் போதும். "எண் மட்டும்"னு தனி வழி இருக்கு. நீங்க முழுப் பதிவுல போய் மாட்டிக்கிட்டிருப்பீங்க. இன்னொண்ணு, இதுக்குக் காசு கிடையாது. நாங்க பதிவு பண்ணித் தர்றோம்னு மெயில் வந்தா ஒரு டாலர்கூடக் கொடுக்காதீங்க.

கோவில்_தொண்டன்:
ஓஹையோ. சொந்த இடம்தான். ஆமா சார், முழுப் பதிவுலதான் போனேன். வாசல் போர்டுல இருக்கற பேரைப் போட்டேன். முகவரிக்குத் தபால் பெட்டி எண், எங்க லெட்டர் எல்லாம் அங்கதான் வரும்.

நியூஜெர்சி_மாமி:
ரெண்டு சிக்கலும் அங்கதான் இருக்கு. போர்டுல சாமி பேர் இருக்கும், மாநிலத்துல பதிஞ்ச பத்திரத்துல ஏதாவது சொசைட்டி பேர் இருக்கும். எங்க கோவில்லயும் அப்படித்தான், நாலு நாள் திண்டாடினேன். பத்திரத்துல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. தபால் பெட்டியை ஏத்துக்க மாட்டாங்க, கட்டடம் இருக்கற தெரு முகவரிதான் வேணும். பேரும் அந்த முகவரியும் ஒரே காகிதத்துல இருக்கற கரன்ட் பில்லோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ ஏத்துங்க. டிக்கெட் நம்பர் கொடுப்பாங்க, அதைக் குறிச்சு வச்சுட்டு மாநில அலுவலகத்துக்கு இன்னிக்கே போன் பண்ணி நிலைமையைச் சொல்லிடுங்க.

பைட்_பாண்டி:
இருந்தாலும் கேஷ் ஒரு தடவை அழிச்சுப் பாருங்க.

அரிசோனா_வேலன்:
கேமரா வேலி எல்லாம் நடந்து முடிஞ்சதைப் படம் பிடிக்கத்தான். ஆள் போடுங்க. ஒப்பந்தக் காவலருக்கும் இந்த மானியத்துல பணம் கேட்கலாம்.

வடம்_பிடி:
துப்பாக்கியோட ஒருத்தர் சன்னதிக்கு முன்னால நிக்கறதை என்னால ஏத்துக்க முடியலை. குழந்தைங்க ஸ்லோகம் படிக்கற இடம் அது.

அரிசோனா_வேலன்:
2012 ஆகஸ்ட் 5 ஞாயித்துக்கிழமை, விஸ்கான்சின்ல ஓக் க்ரீக் குருத்வாரா, சீக்கியர் கோவில், அதுவும் குழந்தைங்க இருந்த இடம்தான். துப்பாக்கிச் சூட்டுல அன்னிக்கே ஆறு பேரைப் பறிகொடுத்தாங்க. நமக்கு வராதுன்னு எப்படி இருக்கீங்க?

வடம்_பிடி:
வராதுன்னு நான் சொல்லலை அண்ணா. அங்கே லங்கருக்கு, அதாவது அவங்க அன்னதானத்துக்கு, சமைச்சுக்கிட்டிருந்த பெண்கள் சரக்கறைக்குள்ள ஒளிஞ்சுதான் தப்பிச்சாங்க. அப்ப நாம கேட்க வேண்டியது உள்ளே இருந்து பூட்டற கதவு. மடப்பள்ளிக் கதவு, வகுப்பறைக் கதவு. காவலர் வேணும்னா வாசல்ல நிக்கட்டும், சீருடை இல்லாம நிக்கட்டும்.

அரிசோனா_வேலன்:
சீருடை இல்லாத காவலரைப் பார்த்து யார் பயப்படுவா?

கணக்குப்பிள்ளை:
நீங்க ரெண்டு பேரும் தனியா இழை திறந்து பேசுங்க. தம்பி, நாடு முழுக்க 2022-ல 25 கோடி டாலர், 2023-ல 30.5 கோடி ஒதுக்கியும் நிறையப் பேருக்குக் கிடைக்கலை. விண்ணப்பத்தை எழுதற விதமும் ஒரு காரணம். செய்தில வந்த சம்பவங்களை அடுக்காதீங்க, உங்க கட்டடத்தைப் பத்தி எழுதுங்க. சிசாங்கற மத்திய பாதுகாப்பு அமைப்போட பாதுகாப்பு ஆலோசகர் இலவசமாவே வந்து பார்த்துத் தருவார், இந்த வாரம் முடியாதுன்னா அவங்க சுயமதிப்பீட்டுப் படிவம் இருக்கு. அவர் கண்டுபிடிக்கற ஓட்டையும் நீங்க கேட்கற பொருளும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டணும். இதுவரைக்கும் இந்த மானியம் வாங்கினதில்லைன்னா கூடுதல் புள்ளியும் உண்டு.

நியூஜெர்சி_மாமி:
சார் சொல்றது சரி. ஞாயித்துக்கிழமை அன்னதானத்துக்கு உங்க பின்கதவை மரக்கட்டை வச்சுத் திறந்தே வைப்பீங்கல்ல? எல்லா ஊர்லயும் அப்படித்தான். எங்க விண்ணப்பத்துல அந்தக் கட்டையைப் பத்தி ஒரு பத்தியே எழுதினோம். கேமரா எந்த கம்பெனின்னும் பாருங்க. ஹிக்விஷன், தாஹுவா ரெண்டையும் இந்தப் பணத்துல வாங்கக்கூடாது, 2019 பாதுகாப்புச் சட்டத்தோட 889-வது பிரிவுல தடை இருக்கு.

கோவில்_தொண்டன்:
நம்பர் வந்துடுச்சு! பத்திரத்துல இருந்த பேரு, தெரு முகவரி, கேஸ் பில். இன்னிக்கு வியாழன் மதியம் வந்தது. மாமிக்கும் கணக்குப்பிள்ளை சாருக்கும் ரொம்ப நன்றி. குருக்கள் கால் ஆறிடுச்சு. கொட்டேஷன்ல ஹிக்விஷன்தான் இருந்தது, மாத்தச் சொல்லிட்டேன். வேலிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கோம், அதையும் சேர்த்துக் காட்டிடறேன்.

கணக்குப்பிள்ளை:
நில்லுங்க. அட்வான்ஸா? மானியம் கிடைக்கறதுக்கு முன்னால செஞ்ச செலவு திரும்ப வராது. கிடைச்ச பிறகும் முதல்ல நீங்க செலவு பண்ணி, அப்புறம்தான் அவங்ககிட்ட வாங்கணும்.

நியூஜெர்சி_மாமி:
தம்பி, பணம் போனா போகட்டும். குழி தோண்டிட்டாங்களா? சுற்றுச்சூழல், பழங்கட்டட ஆய்வு முடியாம மண்ணைத் தொட்டா அந்த வேலைக்கு மொத்தமாவே பணம் கிடைக்காது. வேலிக்காரரை இன்னிக்கே நிறுத்திட்டு, விண்ணப்பத்தை மட்டும் அனுப்புங்க.

நியூஜெர்சி_மாமி:
தம்பி, இருக்கீங்களா?